எல்ஃப் மந்திரவாதியின் 750 ஆண்டுகள்: புதிதாக ஆட வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு. அதில் நான் உருவாக்கிய முதல் பாத்திரம் ஓர் எல்ஃப் மந்திரவாதி. எல்ஃப் என்பது மனிதரைப் போலவே தோன்றும், நீண்ட ஆயுள் கொண்ட ஒரு கற்பனை இனம். பாத்திரத்தின் விவரங்களைக் குறிக்கும் தாளில் வயது என்ற இடத்தில் 347 என்று எழுதினேன். எண் கம்பீரமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். ஆட்டத்தை நடத்திய அண்ணன் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். "முந்நூற்று நாற்பத்தேழு வருடம் வாழ்ந்தவன் இன்னும் முதல் லெவலில் இருக்கிறான். இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போனேன். அதற்குப் பதில் தேடிய நாட்களில்தான் இந்த விளையாட்டு எனக்கு நெருக்கமானது.

பலர் எல்ஃபை உருவாக்கும்போது முதலில் மந்திரங்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கடைசியில் ஏதோ ஒரு வயதை எழுதிவைக்கிறார்கள். வரிசையை மாற்றிப் போடுங்கள் என்பதே என் யோசனை. வயது முடிவானால், எந்த மந்திரம் அவனுக்குப் பொருந்தும், அதை அவன் ஏன் கற்றான், யாருக்காகப் பயன்படுத்துவான் என்பதெல்லாம் தாமாகவே வந்து சேரும்.

முதலில் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்

இந்த விளையாட்டு 1974-இல் வெளிவந்தது. இன்று பெரும்பாலானோர் ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அல்லது 2024-இல் அதைத் திருத்தி வெளியிட்ட விதிகள். எல்ஃபின் ஆயுள் இரண்டிலும் ஏறத்தாழ 750 ஆண்டுகள்தான். ஆனால் பிறப்போடு வரும் மந்திரங்கள் மாறியிருக்கின்றன. எனவே டன்ஜியன் மாஸ்டரிடம், அதாவது ஆட்டத்தை நடத்துபவரிடம், எந்த விதிநூல் என்று தெரிந்துகொண்ட பிறகே தாளில் பேனா வையுங்கள். இரண்டையும் கலந்து எழுதிவிட்டு முதல் நாளே அழித்தெழுத நேர்ந்தால் உற்சாகம் வடிந்துவிடும்.

வயதைத் தேர்ந்தெடுங்கள்

எல்ஃப் குழந்தையின் உடல் மனிதக் குழந்தையைப் போலவே வளர்கிறது. இருபது வயதில் பார்த்தால் முழு வளர்ச்சி பெற்ற ஆளாகத்தான் தெரிவான். ஆனால் அவனுடைய சமூகம் நூறு வயதை ஒட்டித்தான் அவனைப் பெரியவனாக ஏற்கிறது. உடல் வளர்ந்தால் போதாது, உலகம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆக, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஒருவன் பெரியவனின் உடலோடும் சிறுவன் என்ற பட்டத்தோடும் நடமாடுகிறான். இந்த இடைவெளியைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் இது பயன்படும்.

எந்த எண்ணை எழுதுவது? ஐந்தாம் பதிப்பு அதை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. நான் இன்றும் 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பின் கணக்கைத்தான் கடன் வாங்குகிறேன். அதில் எல்ஃப் மந்திரவாதியின் தொடக்க வயது 110. அதனுடன் பத்து ஆறுமுகப் பகடைகளை உருட்டி வரும் தொகையைக் கூட்ட வேண்டும். அப்படியானால் 120 முதல் 170 வரை. அதே பட்டியலில் மனித மந்திரவாதிக்கு 15 வயதும் இரண்டு பகடையும்தான், அதாவது 17 முதல் 27 வரை. பத்துப் பகடைகளைக் கையில் குலுக்கி மேசையில் கொட்டும்போதே, இந்தக் கல்விக்கு எவ்வளவு காலம் போயிருக்கும் என்பது காதில் விழுந்துவிடும்.

அந்தப் பதிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. எல்ஃபுக்கு 175-இல் நடுவயது, 263-இல் முதுமை, 350-இல் பழுத்த முதுமை. அதற்குப் பிறகு நான்கு நூறுமுகப் பகடைகளை உருட்டினால் வருவதுதான் மீதி ஆயுள். நான்கிலும் நூறு விழுந்தால்தான் 750. ஆக 750 என்பது மிக அரிதாக எட்டப்படும் உச்சம். நான் முதலில் எழுதிய 347 வயதுக்காரன் அந்தக் கணக்கின்படி கிழவன். பாத்திரத்தை இளமையாக எண்ணியிருந்தால் 110-க்கும் 170-க்கும் இடையில் நில்லுங்கள்.

அவன் ஏன் இன்னும் முதல் லெவலில் இருக்கிறான்?

இந்தக் கேள்வி விளையாட்டை வடிவமைத்தவர்களையும் விடாமல் துரத்தியிருக்கிறது. 1981-இல் வந்த அடிப்படைத் தொகுப்பில் எல்ஃப் என்பதே ஒரு தனித் தொழில்வகை. வாளும் பிடிப்பான், மந்திரமும் போடுவான். அதற்கு ஈடாக, இரண்டாம் லெவலுக்குப் போராளிக்கு 2,000 அனுபவப் புள்ளிகள் போதும் என்றால் எல்ஃபுக்கு 4,000 தேவைப்பட்டது. பத்தாம் லெவலோடு அவன் வளர்ச்சியும் நின்றுவிடும். நீண்ட ஆயுளுக்கு மெதுவான வளர்ச்சி விலை. மூன்றாம் பதிப்பு இந்த வரம்புகளை நீக்கிவிட்டது. அன்றிலிருந்து, ஏன் இத்தனை தாமதம் என்பதற்கு விதி பதில் சொல்வதில்லை, ஆடுபவர்தான் சொல்ல வேண்டும்.

எளிய பதில், லெவல் என்பது படிப்பின் அளவு இல்லை என்பது. உயிருக்கு ஆபத்தான இடங்களில் மந்திரத்தைப் பயன்படுத்திப் பழகிய அளவுதான் லெவல். நூறாண்டு நூலகத்தில் இருந்தவனுக்கு நட்சத்திரங்களின் பெயரெல்லாம் தெரிந்திருக்கலாம். எதிரே ஓநாய் பாயும்போது நாக்கு குழறாமல் மந்திரம் சொல்லத் தெரியாது. இந்தப் பதில் தவறில்லை, ஆனால் கொஞ்சம் தட்டையானது. உலக வரலாற்றுக்குள் இறங்கினால் இதைவிடச் சுவையான பதில் கிடைக்கும்.

இந்த விளையாட்டின் கதைகள் நடக்கும் கற்பனை உலகங்களில் பிரபலமானது ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். அங்கே மந்திரம் என்பது உலகெங்கும் பின்னிக் கிடக்கும் ஒரு நெசவு. மந்திரவாதி அதன் இழைகளைத் தொட்டு இழுக்கிறான். நெசவைக் காப்பவள் மிஸ்ட்ரா என்ற தெய்வம். அந்த உலகின் டேல் ஆண்டுக்கணக்கில் 1385-இல் மிஸ்ட்ரா கொல்லப்பட்டாள். நெசவு அறுந்தது. ஸ்பெல்பிளேக் என்ற பேரழிவு நீல நெருப்பாக உலகின் மேல் பரவியது. மந்திரவாதிகள் பலர் மாண்டார்கள், பலர் சித்தம் கலங்கினார்கள். 1480-களில் இரண்டாம் சண்டரிங் என்ற பெருமாற்றத்தின்போதுதான் பழைய ஒழுங்கு திரும்பியது.

ஐந்தாம் பதிப்பின் கதைகள் பல நடப்பது 1490-களின் தொடக்கத்தில். இப்போது கணக்குப் போடுங்கள். 1492-இல் உங்கள் எல்ஃபுக்கு 120 வயது என்றால் அவன் பிறந்தது 1372. ஸ்பெல்பிளேக் வந்தபோது பதின்மூன்று வயது. மந்திரம் கற்றுத்தந்த அத்தை விளக்கேற்றும் சின்ன மந்திரத்தைச் சொல்லப்போய், விரல்நுனியில் நீலச்சுடர் பற்றிக்கொள்வதை அவன் வாசற்படியில் நின்று பார்த்திருக்கலாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் மந்திரப் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறாண்டு கழித்து, நெசவு சீராகிவிட்டது என்ற செய்தி வந்து, அவனே துணிந்து அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுக்கிறான். முதல் லெவலில் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. குழுவில் இருக்கும் மனித மந்திரவாதிக்கு ஸ்பெல்பிளேக் என்பது கொள்ளுப்பாட்டனுக்கும் முந்திய கதை. உங்கள் எல்ஃபுக்கு அது பார்த்த காட்சி. இருவரும் ஒரே சிறு மந்திரத்தைச் சொன்னாலும் கை நடுங்குவது ஒருவனுக்குத்தான்.

உங்கள் குழு வேறு உலகத்தில் ஆடினாலும் முறை இதுதான். அந்த உலகத்தின் கடந்த 150 ஆண்டுகளில் நடந்த ஒரே ஒரு பெரிய நிகழ்ச்சியைச் சொல்லும்படி டன்ஜியன் மாஸ்டரிடம் கேளுங்கள். அப்போது உங்கள் எல்ஃபுக்கு என்ன வயது, எங்கே நின்றுகொண்டிருந்தான் என்று இரண்டு வரி எழுதுங்கள். பத்துப் பக்க வரலாறு வேண்டாம், யாரும் படிக்கப்போவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதே உலகின் பழங்கதைகளில் எல்ஃப்களின் உயர்மந்திரம் என்று ஒன்று வரும். மித் டிரானர் நகரத்தின் மேல் 261-ஆம் ஆண்டில் மித்தல் என்ற காப்பு வலையை எழுப்பியது அந்த வகை மந்திரம். நகரம் 714-இல் வீழ்ந்தது. இந்த உயர்மந்திரம் ஆடுபவர்களின் விதிநூலில் கிடையாது. அதைக் கேட்டு டன்ஜியன் மாஸ்டரை நெருக்காதீர்கள். பாட்டி அந்த நகரத்திலிருந்து தப்பி வந்தவள், அவள் பாடிய தாலாட்டில் மித்தலின் பெயர் வரும் என்ற அளவில் வைத்துக்கொண்டால் அழகாக இருக்கும்.

பிறப்போடு வரும் மந்திரம்

எல்ஃப்களில் ஆடுபவர்கள் அதிகம் எடுப்பது மூன்று கிளைகள்: ஹை எல்ஃப், காடுவாழ் வுட் எல்ஃப், நிலத்தடி இருளில் வாழும் டிரௌ.

2014 விதிகளில் ஹை எல்ஃபுக்கு மந்திரவாதிகளின் கேன்ட்ரிப் ஒன்று இலவசமாகக் கிடைக்கும். கேன்ட்ரிப் என்பது எத்தனை முறை சொன்னாலும் தீராத சிறு மந்திரம். இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். அந்தக் கேன்ட்ரிப், தாளில் எழுதும் திறன் எண்களில் அறிவுத்திறனைக் கொண்டே இயங்கும். நீங்கள் வசீகரத்தை நம்பும் சார்சரராகவோ (பிறவியிலேயே மந்திரம் வாய்த்தவர்) ஞானத்தை நம்பும் கிளெரிக்காகவோ (தெய்வ அருளால் மந்திரம் சொல்பவர்) இருந்தால், அந்த நெருப்பு அம்பு குறி தவறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவர்கள் தாக்குதல் உருட்டல், அதாவது குறி பட்டதா என்று பார்க்கும் பகடை உருட்டல், தேவைப்படாத கேன்ட்ரிப்பை எடுங்கள். தொலைவிலிருக்கும் பொருளைத் தூக்கும் மாயக் கை, கிழிந்ததைச் சேர்க்கும் மந்திரம், வெளிச்சம் போன்றவை எந்தத் திறன் குறைந்திருந்தாலும் ஒழுங்காக வேலை செய்யும்.

வுட் எல்ஃபுக்கு அந்த நூலில் மந்திரம் இல்லை. வேகமான நடையும், இலை தழையின் லேசான மறைவில்கூட ஒளியும் திறனும்தான். டிரௌவுக்கு மூன்று மந்திரங்கள் லெவல் ஏற ஏற வரும். முதலில் ஆடும் விளக்குகள், மூன்றாம் லெவலில் எதிரியை ஒளிரவைக்கும் ஃபேரி ஃபயர், ஐந்தாம் லெவலில் இருள். 120 அடி வரை இருளில் பார்வை உண்டு, ஆனால் வெயிலில் கண் கூசிக் குறி தப்பும்.

2024 திருத்தத்தில் மூன்று கிளைகளுக்கும் இந்தப் படிக்கட்டு வந்துவிட்டது. ஒன்று, மூன்று, ஐந்து என்ற லெவல்களில் ஒவ்வொரு மந்திரம். அறிவு, ஞானம், வசீகரம் மூன்றில் எதைக்கொண்டு இயக்குவது என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம், எனவே மேலே சொன்ன சறுக்கல் இல்லை. ஹை எல்ஃபுக்கு மூன்றாம் லெவலில் மந்திரத்தைக் கண்டறியும் மந்திரமும், ஐந்தில் 30 அடி தூரம் நொடியில் மறைந்து தோன்றும் மிஸ்டி ஸ்டெப்பும் கிடைக்கின்றன. டிரௌவுக்கு வெயில் தொல்லை நீங்கிவிட்டது. வுட் எல்ஃபை மந்திரமில்லாதவன் என்று இனி யாரும் ஒதுக்க முடியாது, குழுவே ஓசைப்படாமல் நடக்கும் மந்திரம் ஐந்தாம் லெவலில் அவனிடம் இருக்கிறது. எனக்குப் பிடித்த மாற்றம் இது.

எல்லா எல்ஃப்களுக்கும் பொதுவான ஒரு காப்பு உண்டு. மந்திரத்தால் அவர்களைத் தூங்கவைக்க முடியாது. வசியப்படுத்த முயன்றால், தடுக்கும் உருட்டலில் இரண்டு இருபதுமுகப் பகடைகளை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது முழுப் பாதுகாப்பு. இரண்டாவது கைகொடுக்கும் சாதகம் மட்டுமே, எல்ஃபும் வசியப்படுவான். இன்னொன்று, தூக்க மருந்து கலந்த மதுவும் அம்பில் தடவிய நஞ்சும் மந்திரம் இல்லை. அவற்றுக்கு எல்ஃபும் மனிதனும் ஒன்றுதான்.

அறிதுயில்: நள்ளிரவின் நான்கு மணி நேரம்

எல்ஃப்கள் தூங்குவதில்லை. நான்கு மணி நேரம் தியானம்போல் ஆழ்ந்த நிலையில் அமர்கிறார்கள், பாதி நினைவோடு. ஆங்கிலத்தில் ட்ரான்ஸ் என்கிறார்கள். நம் மொழியில் இதற்கென்றே செய்துவைத்ததுபோல் அறிதுயில் என்ற சொல் இருக்கிறது, நான் அதையே பயன்படுத்துகிறேன். மனிதர்களின் எட்டு மணி நேரத் தூக்கம் தரும் பலன் முழுவதும் எல்ஃபுக்கு நான்கு மணி நேரத்தில் கிடைத்துவிடுகிறது. பழைய நூலின் வாசகம் சிலருக்குக் குழப்பம் தந்தது. 2024 நூல் தெளிவாகவே சொல்கிறது: அறிதுயிலில் நான்கு மணி நேரம் கழித்தால் நீண்ட ஓய்வு, அதாவது செலவழித்த மந்திரங்களைத் திருப்பித் தரும் ஓய்வு, முடிந்துவிடும்.

ஆயுளும் மந்திரமும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுதான், எனவே இதைக் காட்சியாகவே பாருங்கள். கூடாரத்தில் நால்வர். மூவர் படுத்துவிட்டார்கள். எல்ஃப் மந்திரவாதி முதல் நான்கு மணி நேரம் அறிதுயிலில் இருந்து எழுகிறாள். நள்ளிரவு. செலவழித்த மந்திரங்கள் திரும்பிவிட்டன. மற்றவர்கள் எழ இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. பகலில் ஒரு பாழடைந்த கோபுரத்தில் வேறொரு மந்திரவாதியின் ஏடு கிடைத்திருக்கிறது. அதிலிருந்து தன் புத்தகத்துக்கு ஒரு மந்திரத்தைப் படியெடுக்க, மந்திரத்தின் நிலை (ஆடுபவரின் லெவல் அல்ல, மந்திரத்தின் வலிமைப் படி) ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரமும் 50 தங்கக் காசும் ஆகும். இரண்டாம் நிலை மந்திரம் என்றால் சரியாக நான்கு மணி நேரம், 100 காசு. மை காய்வதற்கும் கிழக்கு வெளுப்பதற்கும் சரியாக இருக்கும். மனித மந்திரவாதி இதே வேலைக்குப் பகல் பொழுதைத் தியாகம் செய்ய வேண்டும். இவள் ஒவ்வோர் இரவிலும் அரைநாள் உழைப்பைச் சேமித்துக்கொண்டே போகிறாள்.

படியெடுக்க ஏடு இல்லாத இரவுகளில் சடங்காகச் சொல்லக்கூடிய மந்திரங்களுக்கு நேரம் ஒதுக்கலாம். சடங்காகச் சொன்னால் பத்து நிமிடம் கூடுதலாகும், ஆனால் மந்திர இருப்பு குறையாது. துணைப் பிராணியை அழைக்கும் சடங்குக்கு ஒரு மணி பத்து நிமிடம். இருட்டிலும் அவளுக்குக் கண் தெரியும் என்பதால் காவலும் அவளே.

லியோமண்டின் சிறு குடில் என்ற மந்திரம் கைவந்ததும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் குழுவைக் காக்கும் அந்தக் கூரை, அதை எழுப்பியவள் வெளியே கால் வைத்த நொடியில் மறைந்துவிடும். அறிதுயில் முடிந்த எல்ஃபுக்கு எழுந்து நடக்கத் தோன்றும். நடந்தால் தூங்கும் மூவரும் வெட்டவெளியில் கிடப்பார்கள்.

வயதைத் தின்னும் மந்திரம்

2014 விதிகளில் வரும் ஆவியின் கோர முகத்தைப் பார்ப்பவர் ஞானத் தடுப்பு உருட்டலில் 13 எடுக்க வேண்டும். தவறினால் அச்சம். ஐந்தோ அதற்கு மேலோ குறைந்து தவறினால் அச்சத்தோடு முதுமையும் சேரும். நான்குமுகப் பகடையில் வரும் எண்ணைப் பத்தால் பெருக்கி அத்தனை ஆண்டு வயது கூடும்.

மேசையில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். 32 வயதுப் போராளி 6 உருட்டுகிறான், ஞானக் குறைவால் ஒன்றைக் கழித்தால் 5. முதுமைப் பகடையில் 4 விழுகிறது. அந்த நொடியில் அவனுக்கு 72 வயது. அருகில் நின்ற எல்ஃபும் தவறுகிறாள், பகடையில் அதே 4. 140 வயதுக்காரி 180 ஆகிறாள். ஐந்தாம் பதிப்பில் முதுமைக்கென்று எண் குறைப்பு எதுவும் இல்லை, தாளில் இருவருக்கும் எதுவும் மாறாது. ஆனால் ஒருவனுடைய வாழ்க்கையின் பெரும்பகுதி போய்விட்டது, இன்னொருத்திக்குத் தலைமுடிகூட நரைக்கவில்லை. நரை விழுந்த நண்பனின் முகத்தை அவள் எப்படிப் பார்ப்பாள்? அந்த இடத்தில் அவசரப்பட்டு அடுத்த பகடைக்குப் போய்விடாதீர்கள்.

மீட்க வழி உண்டு. கிரேட்டர் ரெஸ்டொரேஷன் என்ற ஐந்தாம் நிலை மந்திரம், 24 மணி நேரத்துக்குள். ஒன்பதாம் லெவல் கிளெரிக்கோ, பாணனான பார்டோ, இயற்கையின் பூசாரியான ட்ரூயிடோ வேண்டும், 100 காசு மதிப்புள்ள வைரப்பொடியும் வேண்டும். ஆவியை எதிர்கொள்ளும் லெவலில் குழுவில் அப்படிப்பட்டவர் இருக்க வாய்ப்பில்லை. அதனால் கதை ஒரு கோயிலைத் தேடி ஓடும் இரவாக மாறும். தூக்கம் தேவைப்படாத எல்ஃப்தான் அந்த ஓட்டத்தை முன்னின்று நடத்துவாள்.

நீள்ஆயுள் மருந்து கிடைத்தால் எல்ஃப் குடிக்க வேண்டாம். அது 7 முதல் 12 வயதுவரை குறைக்கும், அவளுக்கு அது ஒரு பருவம் கழிவதுபோல. மனிதத் தோழனிடம் கொடுங்கள். ஒருவரே மீண்டும் மீண்டும் குடித்தால் ஒவ்வொரு முறையும் பத்துப் பத்து விழுக்காடாக ஆபத்து ஏறும், வயது குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடலாம் என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இன்னொரு வேடிக்கை இருந்தது. ஒருவரை இரட்டிப்பு வேகத்தில் இயங்கவைக்கும் ஹேஸ்ட் மந்திரம் அவருடைய ஆயுளில் ஓர் ஆண்டைத் தின்றுவிடும். மனிதர்கள் யோசித்துத்தான் சம்மதிப்பார்கள். எல்ஃபுக்கு அது தள்ளுபடி விலை. ஐந்தாம் பதிப்பில் அந்த விதி இல்லை.

ஓர் ஆயுளில் முடியாத வேலை

2014 விதிகளின்படி மந்திரப் பொருள் செய்பவர் ஒரு நாளைக்கு 25 தங்கக் காசு மதிப்புக்கு வேலை செய்யலாம். காவியத் தரத்துப் பொருளின் செய்கூலி மதிப்பு 5,00,000 காசு. வகுத்துப் பாருங்கள், 20,000 நாட்கள். ஃபர்காட்டன் ரெல்ம்ஸிலும் ஆண்டுக்கு 365 நாட்கள்தான், முப்பது நாள் மாதங்கள் பன்னிரண்டும் ஐந்து திருவிழா நாட்களும். ஆக ஏறத்தாழ 55 ஆண்டுகள். முப்பது வயதில் தொடங்கும் மனிதன் தனியாளாக முடிக்கும்போது 85. எல்ஃப் 200-இல் தொடங்கி 255-இல் எழுந்து கையைக் கழுவலாம். 2024-இல் இந்தக் காலத்தைப் பெரிதும் குறைத்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு அது வசதிதான். இருந்தாலும் அந்த 20,000 நாள் கணக்கை நான் விரும்புகிறேன். காவிய வாள்கள் ஏன் எல்ஃப்களின் பட்டறைகளிலிருந்து வருகின்றன என்பதை ஒரு வகுத்தல் கணக்கே சொல்லிவிடுகிறது.

பெயரும் கல்லறையும்

கடைசிப் படி இது. தாளில் பெயர் எழுதும் முன், இரண்டு பெயர்கள் தேவை என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்ஃபுக்குப் பெற்றோர் வைப்பது குழந்தைப் பெயர். நூறு வயதுக்குப் பிறகு தன்னைப் பெரியவன் என்று அறிவிக்கும்போது அவனே தனக்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கிறான். விதிநூலில் இரண்டுக்கும் மாதிரிகள் உண்டு.

அடுத்து, அவன் வாழ்வில் வந்துபோன ஒரு மனிதரை எழுதுங்கள். மனித நட்பு அறுபது ஆண்டு நீடித்தாலும், 750 ஆண்டு ஆயுளில் அது நம் எண்பது வயதில் ஆறு ஆண்டு போல. பள்ளித் தோழமையின் அளவு. ஆனால் பள்ளித் தோழமையை யார் மறக்கிறார்கள்?

நான் 347-ஐ அழித்துவிட்டு எழுதிய பாத்திரத்தின் கணக்கைச் சொல்கிறேன், எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு வயது 120. அவன் 26 வயதில் இருந்தபோது, வழிப்பறியில் கொல்லப்பட்ட ஒரு மனிதத் தோழி. நடந்து 94 ஆண்டுகள் ஆகிவிட்டன. ரிசரக்ஷன் என்ற ஏழாம் நிலை மந்திரம், மூப்பினால் சாகாத ஒருவரை, இறந்து நூறு ஆண்டுகளுக்குள் என்றால் உயிர்ப்பிக்கும். அவள் கொலையுண்டவள், எனவே தடையில்லை. மிச்சம் இருப்பது ஆறு ஆண்டுகள். அவனால் அந்த மந்திரத்தைக் கற்க முடியாது, அது மந்திரவாதிகளின் பட்டியலிலேயே இல்லை. பதின்மூன்றாம் லெவல் கிளெரிக்கோ பார்டோ வேண்டும். 1,000 காசு மதிப்புள்ள வைரம் வேண்டும். உடலைத் தொட்டுச் சொல்ல வேண்டிய மந்திரம் என்பதால் கல்லறை கலையாமல் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் இறந்துகிடந்தவரை எழுப்பினால், நீண்ட ஓய்வு எடுக்கும்வரை எழுப்பியவரால் வேறு மந்திரம் சொல்ல முடியாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுடைய ஆன்மா திரும்பிவரச் சம்மதிக்க வேண்டும். காலக்கெடு தாண்டினால் அடுத்த வழி ட்ரூ ரிசரக்ஷன், 200 ஆண்டு வரை செல்லும், உடலும் வேண்டாம். ஆனால் வைரத்தின் மதிப்பு 25,000 காசு.

இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்ததும் அண்ணன் தாளைக் கீழே வைக்கவே இல்லை. குழுவில் கிளெரிக்காக ஆடிய தோழியின் பாத்திரத்துக்கு அப்போது முதல் லெவல். "பதின்மூன்று வரைக்கும் என்னைச் சாகவிடமாட்டாய் என்று நினைக்கிறேன்" என்றாள். ஆட்டம் ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் தாளின் ஓரத்தில் எத்தனை மாதம் மிச்சம் என்று எழுதிவந்தேன்.

வைரம் கிடைத்தது. மந்திரம் சொல்லப்பட்டது. அவள் கண் திறந்தாள். அவனுடைய புதுப் பெயர் அவளுக்குத் தெரியாது. தொண்ணூற்றெட்டு ஆண்டுகளாக அவள் குரலில் கேட்காத அந்தக் குழந்தைப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டாள்.